அடிபட்ட முட்டைக்கோஸ்

பிப்ரவரி 3

குரலம்மாவுக்கு,

முதலில் வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், மூன்று வருடத்தில் உன் புருஷன் ஏதோ பெரிய மனுஷனாகிவிட்டான் என்று நீ நினைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. நீ விட்டுப்போன கறுப்பு ஹீல்ஸ் செருப்பைப் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்குள் நடக்கிறேன்.

தொழிலுக்காகத்தான் ஆரம்பித்தது. சினிமாவில் கதாநாயகி படியிறங்கினாலும் கோபித்துக்கொண்டு போனாலும் அந்தக் காலடிச் சத்தம் என்னுடையது என்பது உனக்குத் தெரியும். ஸ்டுடியோ செருப்பின் குதிகால் உடைந்துபோனது. உன்னுடையதைப் போட்டுப் பழகிப் பார்த்தேன். எனக்குப் பெண்பிள்ளைக் கால் என்று கேலி செய்வாயே, அந்தக் கால் இப்போது உதவுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையிலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து சமையலறைக்கும் டக் டக் என்று போய்வருகிறேன். போன வாரம் கீழ்வீட்டுத் தையல்கார அம்மா படியில் மறித்து, "அக்கா வந்துட்டாங்க போலிருக்கே, நடக்குற சத்தம் கேட்டுச்சு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா, கொஞ்சம் உடம்பு சரியில்லாம படுத்திருக்கா" என்றேன். சாயங்காலம் ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். நானே குடித்தேன். உனக்கு இப்போது உடம்பு தேவலை.

இரண்டாவது விஷயம். போன செவ்வாய்க்கிழமை ஒரு முட்டைக்கோஸை அடிக்க முடியாமல் ஸ்டுடியோ பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சிரிக்காதே. முட்டைக்கோஸைக் குத்தினால் நெஞ்சில் விழும் குத்து. கேரட்டை ஒடித்தால் எலும்பு. ஈரத்துணி சுற்றிய முட்டைக்கோஸை உள்ளங்கையால் அடித்தால் கன்னத்தில் அறை. முப்பது வருடத்தில் நான் முறித்த எலும்பை வைத்து ஊரைச் சுற்றி வேலி போடலாம். சாயங்காலமானால் அடிபட்டதையெல்லாம் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். நீ போனதிலிருந்து என் சாப்பாடு பெரும்பாலும் யாரோ ஒரு வில்லன் வாங்கிய அடிதான்.

ஆனால் இது காதல் படம். புதுசாகக் கல்யாணமானவர்கள், படுக்கையறை. அவன் அவளை அறைகிறான். அவள் அழுகிறாள். மறுபடி அறைகிறான். அப்புறம் அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்னால் வயலின். டைரக்டருக்கு முப்பத்தோரு வயது. கழுத்தில் ஒரு மஃப்ளர். வியர்த்துக் கொட்டினாலும் கழற்றமாட்டான். "சார், ஒவ்வொரு அடியிலயும் ஒரு ருசி இருக்கணும். அது அடி இல்ல சார், ஆசை" என்றான். ஹெட்போனை மாட்டினேன். படம் ஓடியது. கையை ஓங்கினேன். ஓங்கிய கை மேலேயே நின்றுவிட்டது. "வயிறு சரியில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போனவன், குழாயைத் திறந்துவிட்டு முக்கால் மணி நேரம் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிப்பட்ட காட்சியே உனக்கு ஆகாது என்று போவதற்கு முன்னால் ஒரு தடவை சொன்னாய். சிலருக்குக் கத்திரிக்காய் ஆகாது என்கிற மாதிரி எடுத்துக்கொண்டேன். இப்போது எனக்கும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

போகும்போது, "சத்தம் போதும். ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க" என்றாய். உடனே எழுதியிருக்கலாம். பேனா தேடிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள். சகலை இன்னமும் ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டுதான் செய்தி கேட்கிறாரா?

சத்தக்காரன்


பிப்ரவரி 11

சத்தக்காரருக்கு,

கடிதம் வந்தது. அக்கா உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "யாருடி செத்தாங்க?" என்றாள். ஒரு முட்டைக்கோஸ் என்றேன்.

அந்தச் செருப்பில் இடது கால் வார் தளர்ந்திருக்கும். கணுக்கால் பிசகினால் பார்க்க ஆளில்லை, பார்த்து நடங்கள். தையல்கார அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் அங்கே படுத்திருக்கவில்லை.

பாத்ரூமைவிட்டு வெளியே வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே. குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பது, மாட்டேன் என்று சொன்னதாக ஆகாது. எனக்குத் தெரியும். நானும் அதே வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. இந்த மாதிரிக் காட்சிகளுக்கு நீங்கள் இதற்கு முன்னால் அடித்ததே இல்லையா? நான் பார்த்தே ஏழெட்டு இருக்கும். ஒரு படத்துக்கு அடித்துவிட்டு வந்து, "இன்னைக்கு அறை ரொம்ப சுத்தமா விழுந்துச்சு" என்று தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அப்போதெல்லாம் நிற்காத கை இந்தச் செவ்வாய்க்கிழமை ஏன் நின்றது?

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. குடிநீர் அலுவலகத்துக்கு டெலிபோன் செய்தால் பேசுவது நான்தான். தண்ணீர் வரவில்லை என்றால் ஒன்றை அழுத்தவும், கலங்கலாக வந்தால் இரண்டை அழுத்தவும். பதிவு செய்த அன்று அங்கிருந்த அதிகாரி, "உங்களுக்கு எப்படி சௌகரியமோ அப்படிப் படிங்கம்மா" என்றார். டப்பிங் பேசிய இத்தனை வருடத்தில், மைக்குக்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அத்தானிடம் இப்போது இரண்டு ரேடியோ இருக்கிறது.

இப்படிக்கு,
நான்


பிப்ரவரி 17

குரலம்மாவுக்கு,

பிடித்துவிட்டாய். பாத்ரூமிலிருந்து வந்து என்ன செய்தேனா? அடித்தேன்.

அன்றைக்கு இல்லை, மறுநாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடித்தேன். ஹெட்போனையும் கழற்றிவிட்டேன். மொத்தம் பதினான்கு அறை, எல்லாம் குத்துமதிப்பாக. இந்தத் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது, கண்ணை மூடிக்கொண்டு கத்திரிக்கோல் பிடிக்கும் முடிதிருத்துகிறவர் செய்கிற வேலை. ஓட்டிப் பார்த்தார்கள். அவன் அறைகிறான், சத்தமில்லை. அவள் முகம் திரும்புகிறது, கண்ணைத் துடைக்கிறாள், தலைமுடியைச் சரிசெய்கிறாள், அப்போது பளார்! ஒரு இடத்தில் அவன் கதவைத் திறக்க, கதவு அவனை அறைந்தது. நம் ஒலிப்பதிவாளர் கண்ணாடி (அதே ஆள்தான், இப்போது கண்ணாடி இன்னும் தடித்திருக்கிறது) மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டு சிரித்தார். டைரக்டர் மஃப்ளரைக் கழற்றிவிட்டான். அவன் கழுத்தை அன்றுதான் எல்லோரும் பார்த்தோம். சாதாரணக் கழுத்துதான்.

"நாளைக்கு மறுபடி பண்ணிடுங்க சார்" என்றான்.

மூன்றாம் நாள் போய், மாட்டேன் என்றேன்.

"நேத்து வரைக்கும் பண்ணீங்களே சார்?"

"பண்ணேன்."

"இதே படத்துல நாலு கொலை இருக்கு. அதுக்கெல்லாம் கேரட் ஒடிச்சுக் கொடுத்தீங்களே. அது வன்முறை இல்லையா?"

"கொலை பண்றவனைப் பாத்து செத்தவன் சிரிக்கிறதில்லையே தம்பி" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வசனமும் தயாராக இருக்கும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருமினேன். "அப்ப நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க சார்" என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான்.

இப்போது ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் கடைக்குப் போய் முட்டைக்கோஸ் வாங்கினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அடிபடாத முட்டைக்கோஸ். அதை எங்கே ஆரம்பித்து வெட்டுவது என்று தெரியவில்லை. மேஜைமேல் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

தையல்கார அம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். "அக்காவுக்கு இப்ப எப்படி?" என்றாள். "அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா" என்றேன். மூன்று வருடம் தள்ளிச் சொன்னேன் என்பதைத் தவிர அதில் பொய்யே கிடையாது.

ஏன் இந்தச் செவ்வாய்க்கிழமை என்று கேட்டிருந்தாய். வயசு. இல்லாவிட்டால் செரிமானக் கோளாறு.

சத்தக்காரன்


பிப்ரவரி 26

சத்தக்காரருக்கு,

செத்தவன் சிரிக்கிறதில்லை என்று நீங்கள் சொன்னதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் வீட்டுக்காரரா சொன்னார்?" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "வியாழக்கிழமை ரயில்ல கூட்டம் இருக்காது" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பொய் சொல்வானேன், நானும் அந்த ரயிலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் வயசு, செரிமானம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. நீங்கள் எதையாவது மறைக்கும்போதுதான் ஜோக் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மஃப்ளர், கதவு, முட்டைக்கோஸ் எல்லாம் வந்துவிட்டது. அந்த ஒரு பதில் வரவில்லை.

நீங்கள் மறைக்கிறீர்கள். நான் இதுவரை சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருடம் குரல் கொடுத்தேன். குழந்தை பெறுகிறவளுக்குக் கத்தியிருக்கிறேன், மகனைப் பறிகொடுத்தவளுக்கு ஒப்பாரி வைத்திருக்கிறேன், பேய்க்குக்கூடச் சிரித்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால் அதெல்லாம் உள்ளேயே இருந்துகொள்ளும். நான் இங்கே வருவதற்கு ஒரு மாதம் முன்னால் எடுத்த ஒன்று மட்டும் கூட வந்தது. திரையில் ஒரு பெண்ணின் கழுத்தை ஒருவன் பிடிக்கிறான், அறைகிறான், அவள் சிரிக்கிறாள். "வலியும் தெரியணும் மேடம், அது அவளுக்குப் பிடிச்சிருக்குன்னும் தெரியணும்" என்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. "வலி கம்மியா இருக்கு." ஏழு, எட்டு. "இப்ப வலி இருக்கு, ஆசை போயிடுச்சு." பத்தொன்பது டேக். வெளியே டீ வைத்திருந்தார்கள். அதைத் தொடவில்லை.

பிடிக்காவிட்டால் பார்க்காதே என்கிறார்கள். நான் பார்க்கிறவளில்லையே. செய்கிறவள்.

வீட்டுக்கு வந்தேன். "எத்தனை டேக்?" என்றீர்கள். பத்தொன்பது என்றேன். "அடேயப்பா" என்றீர்கள். அதற்குமேல் நீங்கள் எதையும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை உங்கள் சிநேகிதர்கள் சாப்பிட வந்தார்கள். டீ ஸ்பூனை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, "ஒன் மோர் மேடம், கொஞ்சம் வலி தூக்கலா!" என்று சொல்லி, நான் கத்தியது போலக் கத்திக் காட்டினீர்கள். ஒருவருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அவ்வளவு சிரிப்பு. நானும் சிரித்தேன். வந்தவர்கள் முன்னால் வேறு என்ன செய்வது? அவள் திரையில் சிரித்தாளே, அப்படித்தான் நானும் சிரித்திருக்கிறேன் என்று பாத்திரம் கழுவும்போது தோன்றியது.

அதற்கப்புறம் ஒரு மாதம், நீங்கள் தோளில் கை வைத்தால் "ஒன் மோர்" என்று கேட்டது. உங்கள் கை ஒரு பாவமும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அக்கா வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஹெட்போனில் என்ன கேட்டீர்கள்?

இப்படிக்கு,
நான்


மார்ச் 5

குரலம்மாவுக்கு,

உன்னைக் கேட்டேன்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். ஜோக் வந்தால் பொறுத்துக்கொள். அது என் விக்கல் மாதிரி, தண்ணீர் குடித்தாலும் நிற்பதில்லை.

நடந்தது இதுதான். இந்தப் படத்துக்குக் குரல் கொடுத்த பெண் சரியாக அழவில்லை என்று மஃப்ளருக்குக் குறை. கண்ணாடி கிடங்கைத் திறந்தார். ஸ்டுடியோவில் பழைய சத்தங்களையெல்லாம் பெயர் போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அந்தக் கிடங்கு. என்னுடையதே ஆயிரம் இருக்கும். அகர வரிசை. "பெட்டி மூடல் 2". அதற்கடுத்து "பெண் வலி", ஒன்றிலிருந்து ஒன்பது வரை. அதற்குக் கீழே "பேருந்து பிரேக் 4". பெண் வலியில் ஏழாம் எண்ணை எடுத்துப் படத்தில் ஒட்டிவிட்டார். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நான் அடிக்க வேண்டும்.

ஒரு நொடிதான் ஆகியிருக்கும். நீ என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டில் சாவி விழுந்தால் எந்தப் பூட்டின் சாவி என்று சொல்கிற காது இது. இருபத்தாறு வருடம் அந்தக் குரலோடு குடித்தனம் செய்த காது. கத்தி முடித்ததும் கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கிறாய். அழுகையை விழுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதைக் கேட்டதும் எனக்குக் கை மேலே நின்றுவிட்டது. நீ அங்கே கத்துகிறாய், நான் இங்கே கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறேன். கையில் ஈரத்துணி சுற்றிய முட்டைக்கோஸ்.

மறுநாள் ஹெட்போனை ஏன் கழற்றினேன் என்பது இப்போது புரிந்திருக்கும். வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு நாள் என் செருப்புப் பெட்டியை எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனேன். கண்ணாடி டீ குடிக்க எழுந்து போனார். கிடங்கைத் திறந்தேன். ஏழாம் எண்ணை அழித்தேன். படத்தில் ஒட்டியதையும் அழித்தேன். வேறு பிரதி இல்லை, பார்த்துவிட்டேன். கண்ணாடி திரும்பி வந்ததும் நானே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். "இனிமே உன்னை உள்ள விடமாட்டாங்கப்பா" என்றார். விடவேண்டாம்.

ஒன்றிலிருந்து ஆறு வரை அங்கேயே இருக்கிறது. எட்டும் ஒன்பதும்கூட இருந்தது. அதையெல்லாம் நான் தொடவில்லை. எனக்கு ஏழு போதும்.

ஸ்பூன் விஷயம். எந்த ஸ்பூன் என்று நினைவில்லை, அதனால் வீட்டிலிருந்த ஆறு ஸ்பூனையும் குப்பையில் போட்டுவிட்டேன். டீயை இப்போது பேனா மூடியால் கலக்குகிறேன். அன்றைக்கு நீ சிரித்ததைப் பார்த்து, உனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதிவிட்டுத் திரும்ப வாசிக்கிறேன். மஃப்ளருக்கும் எனக்கும் மஃப்ளர்தான் வித்தியாசம் போலிருக்கிறது.

தப்பு என்னுடையது. அதற்குமேல் நகாசு வேலை செய்யத் தெரியவில்லை.

அந்தக் கிடங்கில் இப்போது நீ இல்லை. இனி உன்னை யாரும் எந்தப் படுக்கையறையிலும் கத்தவைக்க முடியாது. மூன்று வருடம் கழித்தாவது உன்னைக் கேட்டேன் இல்லையா? வியாழக்கிழமை ரயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுது. செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன். வார் தைத்தாகிவிட்டது. தையல்கார அம்மா தைத்துக் கொடுத்தாள். "அக்கா எப்ப வர்றாங்க?" என்றாள். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. தெரியாது என்றேன்.

உன்
சத்தக்காரன்


மார்ச் 14

சத்தக்காரருக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வாசலில் நின்றே படித்தேன். மாலையில் அத்தான் போய் டிக்கெட் எடுத்து வந்தார். இரண்டு ரேடியோவையும் அணைத்துவிட்டுப் போனார், அதனால் விஷயம் பெரிது என்று பக்கத்து வீடு வரைக்கும் தெரிந்துவிட்டது. ரயில் காலை ஆறு ஐம்பதுக்கு அங்கே வரும். பெட்டியில் பாதி அடுக்கியிருக்கிறேன்.

ஸ்பூன்களைப் பற்றிப் படித்தபோது சிரித்தேன். இது நிஜச் சிரிப்பு. அக்காவுக்கும் கேட்டது.

எனக்காக நீங்கள் வேலையைவிட்டது தெரிகிறது. அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மீதிப் பெட்டியை ஏன் இன்னும் அடுக்கவில்லை என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கண்ணாடியிடம் ஒரு பச்சை அட்டை நோட்டு இருக்கும். கிடங்கில் சேர்க்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் யார் குரல், எந்தத் தேதி என்று எழுதி வைப்பார். உங்களை உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று கேளுங்கள், அவர் நல்ல மனுஷர், பார்த்துச் சொல்வார். ஏழுக்கு எதிரில் என்ன பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். அப்படியே ஒன்றிலிருந்து ஆறுக்கும், எட்டுக்கும் ஒன்பதுக்கும்.

அன்றைக்குப் பத்தொன்பதாவது டேக் முடிந்ததும், நான் கண்ணாடியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னேன். பத்தொன்பதும் போனதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அந்தப் படத்துக்கு வேறு யாரையோ கூப்பிட்டுக் கத்தவைத்தார்களாம். அந்தக் கிடங்கில் என் குரலில் ஒரு சத்தம்கூட என்றைக்கும் இருந்ததில்லை.

நான்